ஏலக்காய் அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பு: வேலை தடைபடாமல் செய்யும் முறை

போடி, கம்பம், குமுளி என மூன்று ஊரிலும் கிளை உள்ள ஓர் ஏலக்காய் வியாபார நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கணினிப் பொறுப்பு முழுவதும் முதன்முறையாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. முதலாளி புதுசு வேண்டும் என்கிறார். கணக்குப் பார்க்கும் அக்கா பழையதே போதும் என்கிறார். எல்லாவற்றையும் பூட்டிவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். பாதுகாப்பு வேலைக்கு இடைஞ்சலானால் ஆட்கள் குறுக்குவழி தேடுவார்கள். ஆபத்து வருவதும் அந்த வழியில்தான். இராணுவ இரகசியக் குறியீட்டுக்கு 1883இல் விதிகள் வகுத்த ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ்கூட, அது பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே எழுதினார்.

படி 1: பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

எந்த மென்பொருளையும் வாங்கும் முன், ஒவ்வொரு மேசைக்கும் போய் வேலை நடப்பதைக் கவனியுங்கள். பில் எங்கே போடுகிறார்கள், குடோன் இருப்பு யாருக்குப் போகிறது, போடியிலும் கேரளத்தின் புற்றடியிலும் நடக்கும் மின்னணு ஏலத்தின் விலை விவரம் எப்படி அலுவலகத்துக்கு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கணினி, செல்போன், வைஃபை பெட்டி எல்லாவற்றையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

குறுக்குவழிகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். மானிட்டரில் ஒட்டிய பாஸ்வேர்டு, நாலு பேருக்கு ஒரே லாகின், வாட்ஸ்அப்பில் பறக்கும் வங்கி விவரம். இதற்காக யாரையும் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள். எங்கே உங்கள் ஏற்பாடு சிரமமாக இருக்கிறது என்று காட்டும் பட்டியல் அது. என் பார்வையில் மொத்த வேலையிலும் மதிப்பு மிக்கது இந்தப் பக்கம்தான்.

படி 2: லாகினைச் சரிசெய்யுங்கள்

"தம்பி, மாசாமாசம் மாத்தச் சொன்னா நான் எங்க ஞாபகம் வைக்க?" என்று அந்த அக்கா கேட்டால், அவர் கேட்பது நியாயம். காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கொரு முறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட்டே 2017இல் வழிகாட்டியது. கசிந்ததாகத் தெரிந்தால் உடனே மாற்றினால் போதும். தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து நீளமாக வைக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு லாகின் கட்டாயம்.

அடுத்து இரண்டாவது பூட்டு. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி மலைப்பக்கம் காலை வாரும். மழைக்காலத்தில் குமுளியில் சிக்னல் போனால் பில்லும் நின்றுவிடும். அதனால் ஆத்தென்டிகேட்டர் செயலியைப் போடுங்கள். ஒருமுறை க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், போனில் பதிந்த இரகசிய எண்ணையும் அப்போதைய நேரத்தையும் வைத்து, பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு புது எண்ணைப் போனே கணக்கிட்டுத் தரும். அதற்கு சிக்னல் தேவையில்லை. போன் கடிகாரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, அலுவலக லாக்கரில் வையுங்கள்.

படி 3: அப்டேட்டுக்கு நேரம் குறியுங்கள்

கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீய மென்பொருள் உலகெங்கும் கணினிகளை முடக்கியது 2017 மே 12. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. தள்ளிப்போட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

ஆனால் ஏலம் நடக்கும்போது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனால் வியாபாரம் கெடும். விண்டோஸ் அப்டேட் அமைப்பில் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்ற இடத்தில் உங்கள் வேலை நேரத்தைக் கொடுங்கள். முதலில் ஒரு கணினியில் போட்டு, டாலியும் பிரிண்டரும் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அது ஓடும் கணினிகளை நோட்டில் வட்டமிட்டு, அடுத்த செலவுத் திட்டத்தில் முதலில் வையுங்கள்.

படி 4: பேக்கப்

தினமும் தானாக ஓடட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். போடிக் கணக்கின் பிரதி கம்பத்தில் இருக்கலாம். மாதம் ஒருமுறை ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

படி 5: புதியதை உள்ளே விடும் முறை

புதுச் செயலி, செயற்கை நுண்ணறிவுக் கருவி என்று எதைக் கேட்டாலும் உடனே மறுக்காதீர்கள். எந்த வேலை குறைகிறது, நம் தரவு எங்கே போகிறது, வேண்டாமென்றால் தரவைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அப்புறம் ஒரே கிளையில், உண்மையான வாடிக்கையாளர் விவரம் இல்லாமல் சில வாரம் ஓட்டுங்கள். கணினியில் வேகமானவரிடம் மட்டும் சோதனைக்குக் கொடுக்காதீர்கள். தயங்கித் தயங்கித் தட்டுபவரிடமும் கொடுங்கள். அவர் தடுமாறும் இடத்தைச் சரிசெய்த பிறகே அடுத்த கிளைக்குக் கொண்டுபோங்கள்.

படி 6: அவசரத் தாள்

ஒவ்வொரு மேசையிலும் ஒரு தாள் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் இணைய ஒயரைக் கழற்று, வைஃபையை அணை, உங்கள் எண்ணுக்குக் கூப்பிடு. பணம் போயிருந்தால் வங்கிக்கும், இணைய மோசடிப் புகாருக்கான 1930க்கும் உடனே சொல்ல வேண்டும். அந்த எண் தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் ஒன்றுதான். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, அது பட்டியலிட்ட வகைத் தாக்குதல்களை நிறுவனங்கள் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பொறுப்பு யாருக்கு என்று ஒரு பெயரையும், அவர் விடுப்பில் இருந்தால் பார்ப்பவர் பெயரையும் தாளில் எழுதிவிடுங்கள்.