ரப்பர் ஷீட்டைச் சூட்டோடு அளக்காதீர்கள்

ரப்பரை அழுத்தி வேகவைக்கும் பிரஸ்ஸிலிருந்து ஷீட்டை எடுத்த கையோடு ஹார்ட்னஸ் (கடினம்) பார்க்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சூடாக இருக்கும்போது எண் குறைவாகத்தான் காட்டும். குறைந்தது 16 மணி நேரம் அறை வெப்பத்தில் கிடக்கட்டும், அப்புறம் ஊசியை அழுத்திக் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ மீட்டரை எடுங்கள். 2 மி.மீ. ஷீட் ஒன்றை மட்டும் வைத்து அழுத்தினால் ஊசி மேசையின் கடினத்தையும் சேர்த்தே சொல்லும், அதனால் மூன்றை அடுக்கி 6 மி.மீ. ஆக்கி, ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே தள்ளி, ஐந்து இடங்களில் பார்த்து நடு மதிப்பை எழுதுங்கள்.

அப்படியும் ஷீட்டுக்கு ஷீட் எண் ஆடுகிறதா? மீட்டரைத் திட்டாமல், ரோல்களுக்கிடையே ரப்பரைக் கலக்கும் மில்லுக்குப் போங்கள். ரப்பரை வேகவைக்கும் கந்தகத்தையும், அதை வேகப்படுத்தும் ஆக்ஸிலரேட்டரையும் கடைசியில், கலவை ஆறியபின் போட்டு, சீராகக் கலக்க இரு பக்கமும் மாறி மாறி வெட்டி மடித்தீர்களா? சூடான ரோலில் போட்டால் அங்கேயே வேக ஆரம்பித்துவிடும்.

க்யூர் நேரத்துக்கு, அதாவது பிரஸ்ஸில் வேகவைக்கும் நேரத்துக்கு, ரப்பர் வேகுவதை அளக்கும் ரியோமீட்டரின் டி90 (90 சதவீதம் வேக ஆகும் நேரம்) சரி, ஆனால் அது மெல்லிய மாதிரிக்கு. தடித்த துண்டில் சூடு நடுவரை போகவே நேரம் பிடிக்கும், சில நிமிடம் கூட்டியே வையுங்கள். நான் ஒருமுறை கூட்டாமல் எடுத்து வெட்டிப் பார்த்தால், நடுவில் குட்டிக் குட்டி ஓட்டைகள்.