அனுபவம் கூடக் கூட வரும் தவறுகள்: மாற்றுத்திறனாளிகளுடன் பல வருடம் வேலை செய்பவர்களுக்கு

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் வேலைக்குப் புதிதாக வருபவர் செய்யும் தவறு சட்டென்று கண்ணில் பட்டுவிடும். சக்கர நாற்காலிக்கு பிரேக் போடாமல் ஒருவரை எழுப்பப் போவார், பக்கத்தில் இருப்பவர் சத்தம் போடுவார், மறுநாள் சரியாகிவிடும். பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்களின் தவறுகள் வேறு மாதிரி. பார்ப்பதற்குத் திறமை போலவே இருப்பதால் யாரும் வந்து திருத்த மாட்டார்கள்.

முதலில் வருவது வேகம். ஒருவர் தானே சட்டைப் பொத்தான் போட்டால் கால் மணி நேரம், நாம் போட்டுவிட்டால் ஒரு நிமிடம். வாசலில் வண்டி நிற்கிறது. சரி, இன்றைக்கு மட்டும் என்று போட்டுவிடுவோம். இன்றைக்கு மட்டும் என்பது தினமும் நடக்கும். ஒரு வருடம் கழித்து அவருடைய குறிப்பேட்டில் ‘உடை மாற்ற முழு உதவி தேவை’ என்று இருக்கும். அவருக்கு இருந்த திறனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தது நம் அவசரம்தான். காலை வேலையை முன்னதாகத் தொடங்குவதே நேரான வழி. அது முடியாத நாளில் கடைசிப் படியையாவது அவருக்கு விட்டுவையுங்கள். நான்கு பொத்தான்களை நாம் போட்டு, ஐந்தாவதை அவர் போடட்டும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கும்போதும் இப்படிக் கடைசியிலிருந்து பின்னோக்கி வருவது நல்ல முறை. வேலையை முடித்தவர் ஒவ்வொரு முறையும் அவராகவே இருப்பார்.

பேச்சிலும் இதே கதை. மூளை முடக்குவாதம் உள்ளவர்களில் சிலருக்கும், படப் பலகையைக் காட்டிப் பேசுபவர்களுக்கும் பதில் சொல்லப் பத்து நொடி, சில சமயம் அதற்கு மேலும் ஆகும். நாம் மூன்றாவது நொடியிலேயே அதே கேள்வியை வேறு மாதிரி கேட்போம். அவர் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். மருத்துவர் நம்மைப் பார்த்து ‘இவர் சரியாகச் சாப்பிடுகிறாரா?’ என்று கேட்பார். நமக்குப் பதில் தெரியும் என்பதுதான் சிக்கல். ‘அவரிடமே கேளுங்கள் டாக்டர்’ என்று சொல்லப் பழக வேண்டும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசமானது ‘இவருக்கு இது வழக்கம்தான்’ என்ற பேச்சு. பேச முடியாத ஒருவர் திடீரென்று கன்னத்தில் அடித்துக்கொள்கிறார், கத்துகிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார். பழகிய பராமரிப்பாளர் அதைக் குணம் என்று சொன்னால் மருத்துவரும் நம்பிவிடுவார். பல் சொத்தை, காதில் சீழ், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் என எதுவாகவும் இருக்கலாம். மலச்சிக்கல்தானே என்று நினைக்க வேண்டாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் அதைக் கவனிக்காமல் விட்டு உயிரே போயிருக்கிறது. நடத்தையில் திடீர் மாற்றம் வந்தால் முதல் சந்தேகம் வலியின் மேல் இருக்கட்டும். எழுதி வைப்பதும் அப்படியே. ‘ஆவேசமாக இருந்தார்’ என்ற குறிப்பால் யாருக்கும் பயன் இல்லை. ‘மதியம் இரண்டு வாய் சாப்பிட்டதும் இடது கன்னத்தில் அடித்துக்கொண்டார்’ என்று எழுதினால் பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்று படிப்பவருக்கே புரியும்.

அப்புறம், அன்பின் பெயரில் முடிவெடுப்பது. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் அவர்களுக்கும் மற்றவர்களுக்கு இணையான தகுதி உண்டு என்கிறது. முடிவெடுக்க உதவி தேவையென்றால் அந்த உதவியைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. தன் பணம் முழுவதையும் ஒருவர் ஹெட்போனுக்குச் செலவழித்தால் நமக்கு எரிச்சல் வரலாம். நாமும் சம்பள நாளில் அதைவிட அசட்டுத்தனமாகச் செலவு செய்திருப்போம். அவருக்கு ஆபத்தா, நமக்குப் பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பார்த்தால் தலையிட வேண்டிய இடங்கள் வெகுவாகக் குறைந்துவிடும்.

உடம்பைப் பற்றியும் ஒன்று. தூக்கும் கருவியை எடுத்து வர நேரமாகும் என்று கையாலேயே தூக்குவது இந்த வேலையில் பலரின் இடுப்பை முடித்திருக்கிறது. தூக்கப்படுபவரின் தோள் மூட்டுக்கும் அது ஆபத்து. இதில் பலசாலி, அனுபவசாலி என்ற விதிவிலக்கு கிடையாது.

இன்னொன்றைப் பலர் தவறாகவே நினைப்பதில்லை. ‘நான் இல்லாவிட்டால் அவர் சாப்பிடவே மாட்டார்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். நீங்கள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அவர் கதி என்ன? எந்தப் பக்கம் உட்கார்ந்து ஊட்ட வேண்டும், உணவு எவ்வளவு மசிந்திருக்க வேண்டும், ‘போதும்’ என்பதை அவர் எப்படிக் காட்டுவார் என்பதெல்லாம் உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கக் கூடாது. அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள். நீங்கள் நன்றாக இருக்கும்போதே வாரத்தில் ஒரு வேளையாவது வேறொருவர் ஊட்டட்டும். முதல் சில முறை அவர் முரண்டு பிடிக்கலாம். அந்த நேரத்தில் உள்ளே போய்க் கரண்டியை வாங்கிக்கொள்ளாதீர்கள்.