பழைய துவக்குப் பட்டியா? முதலில் யூவி டோர்ச் அடித்துப் பாருங்கள்

கள்ளநோட்டுப் பார்க்கும் யூவி டோர்ச்சை இருட்டான மூலையில், துவக்கைத் தோளில் மாட்டும் பட்டியின் துணியிலும் தையல் நூலிலும் அடியுங்கள். பளிச்சென்று நீலவெள்ளையாக மின்னினால், '1942' என்று முத்திரை இருந்தாலும் விலை பேச அவசரப்பட வேண்டாம். துணியையும் சோப்புத்தூளையும் வெளுப்பாகக் காட்டும் ஒளிர்சாயம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். போர்க்காலப் பருத்திப் பட்டி மங்கலாகவே கிடக்கும். புறக்கோட்டையில் விற்கிற மலிவு டோர்ச்சே இதற்குப் போதும்.

ஆனால் யாராவது அதைச் சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருந்தால் அசல் பட்டியும் மின்னும். நம் வீடுகளில் துவைக்காமல் விடுவார்களா என்ன! மின்னவில்லை என்பதாலும் அது பழையது என்று ஆகிவிடாது. சாயமில்லாத புது நூலும் இருக்கிறது. அதனால் அடுத்து முத்திரையைத் தேடுங்கள். பிரித்தானியப் படையின் லீ என்ஃபீல்ட் துவக்குப் பட்டியில் பித்தளை முனைக்குப் பக்கத்துத் துணியில் தயாரிப்பாளரின் எழுத்துகள், ஆண்டு, அகன்ற அம்புக்குறி (அரசின் உடைமை என்பதற்கான அடையாளம்) ஆகியவை மையில் குத்தப்பட்டிருக்கும். அம்பு 'சி' எழுத்துக்குள் இருந்தால் கனடா, 'யு'வுக்குள் இருந்தால் தென்னாபிரிக்கா. மேலே பச்சைப் பூச்சு அப்பியிருந்தால் சுரண்டாதீர்கள், மையும் சேர்ந்து போய்விடும். சாய்வாக வெளிச்சம் பிடித்தால் சிலவேளை வாசிக்கலாம்.

தோல் பட்டிக்கு இந்த டோர்ச் வேலை சரிவராது. அமெரிக்க 1907 மாதிரி என்றால் தோலிலேயே 'போய்ட் 43' என்பதுபோல் தயாரிப்பாளரின் பெயரும் ஆண்டும் அழுத்தியிருக்கும்.