எந்த ‘ஆஃப்’?

“நாளைக்கு எனக்கு ஆஃப் டே.” கோலாலம்பூரில் ஓர் அலுவலகத்தில் தமிழர் ஒருவர் இப்படிச் சொன்னால், கேட்பவருக்கு இரண்டு விதமாகப் புரியும். அவர் நாளைக்கு வரவே மாட்டார். அல்லது வந்துவிட்டு மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். ‘ஹாஃப்’ என்பதன் ‘ஹ’ நம் வாயில் கழன்றுபோவதால் வரும் வினை இது. முட்டையில் ‘ஆஃப் பாயில்’ என்றால் யாரும் குழம்புவதில்லை, லீவில்தான் குழப்பம். பேச்சில் ‘நாளைக்கு லீவு’, ‘நாளைக்கு அரைநாள்’ என்று தமிழிலேயே சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் கவனம் வேண்டும்.

மலேசியாவில் ‘ஆஃப் டே’ என்றால் வேலையில்லாத நாள். இங்கிலாந்துக்காரருக்கு அது வேறு. “டுடே இஸ் மை ஆஃப் டே” என்று அவருக்கு எழுதினால், ‘இன்று எனக்கு எதுவும் சரியாக வரவில்லை’ என்று படிப்பார். விடுமுறைக்கு ‘ஆஃப்’ பின்னால் போக வேண்டும்: ‘டே ஆஃப்’. வாட்ஸ்அப்பில் நாம் தட்டிவிடும் “ஐ ஆஃப் டுமாரோ”வில் வினைச்சொல்லே இல்லை. “ஐ அம் ஆஃப் டுமாரோ” அல்லது “ஐ ஹேவ் டுமாரோ ஆஃப்” என்றால் சரி. நாளைக் குறிப்பிடாமல் “ஐ அம் ஆஃப்” என்று மட்டும் சொன்னால் ‘நான் கிளம்புகிறேன்’ என்று பொருள். “ஐ அம் ஆஃப் டு பினாங்” என்றால் பினாங்குக்குப் புறப்பட்டாயிற்று. ‘லெய்ட் ஆஃப்’ என்றால் ஆட்குறைப்பில் வேலையே போய்விட்டது. லீவு கேட்கும் கடிதத்தில் அது வந்துவிடக் கூடாது.

இதில் காசும் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரம் ஒரு நாள் தரச் சொல்வது ‘ரெஸ்ட் டே’. ஐந்து நாள் வேலையுள்ள இடங்களில் வழக்கமாக ஞாயிறு ‘ரெஸ்ட் டே’, சனி ‘ஆஃப் டே’. சனிக்கிழமை கூப்பிட்டால் அது சாதாரண ‘ஓ.டி.’, அதாவது கூடுதல் நேர வேலை, மணிக்கு ஒன்றரை மடங்கு. ஞாயிற்றுக்கிழமை என்றால் மாதச் சம்பளக்காரருக்குக் கணக்கு வேறு: வழக்கமான நேரத்தில் பாதிவரை அரைநாள் சம்பளம், பாதியைத் தாண்டினால் ஒரு நாள் சம்பளம், வழக்கமான நேரத்தையும் தாண்டினால் மணிக்கு இரண்டு மடங்கு. பொதுவாக மாதம் 4,000 ரிங்கிட் வரை வாங்குவோருக்கு இது பொருந்தும். ஞாயிறு உழைத்துவிட்டு பாரத்தில் ‘ஆஃப் டே’ என்று எழுதினால், கணக்குப் பார்ப்பவர் சனிக்கிழமைக் கணக்கைப் போட்டுவிடுவார்.

‘ஆஃப்’ என்ற சொல்லின் அடிப்பொருள் விலகுதல், கழலுதல். அதுவும், இன்று ஒற்றை எஃப் போட்டு எழுதும் ‘ஆவ்’வும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். அழுத்திச் சொன்ன வடிவம் இரண்டு எஃப் பெற்றுப் பிரிந்தது; 17ஆம் நூற்றாண்டு வாக்கில் இரண்டும் தனித்தனியாக நிலைத்துவிட்டன. இன்று இரண்டு எஃப் இருந்தால் ‘ஃப்’ ஒலி, ஒன்று இருந்தால் ‘வ்’ ஒலி. அந்த ஓர் எழுத்து தவறினால் என்ன ஆகும் என்பதை ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் தீபாவளித் தள்ளுபடி அட்டைகளை வைத்துப் பார்க்கலாம். 50 ரிங்கிட் ஜிப்பாவுக்கு ‘20 விழுக்காடு ஆஃப்’ என்றால் 20 விழுக்காடு விலகியது, நீங்கள் கொடுப்பது 40. ‘20 விழுக்காடு ஆவ் 50’ என்றால் வெறும் 10. ‘50 விழுக்காடு ஆஃப், அதன்மேல் இன்னொரு 10 விழுக்காடு ஆஃப்’ என்று போட்டிருந்தால் 60 குறையாது: 100 ரிங்கிட் முதலில் 50 ஆகும், அந்த 50இல் 5 கழியும், கொடுப்பது 45.

“ஆஃப் த லைட்” நம் ஊர் ஆங்கிலம். தமிழில் நாம் ‘லைட்டை ஆஃப்’ என்று நிறுத்துவதில்லை, ‘பண்ணு’ போடுகிறோம். ஆங்கிலத்துக்கும் அப்படி ஒரு ‘பண்ணு’ தேவை: விளக்குக்கும் விசிறிக்கும் ‘ஸ்விட்ச்’ அல்லது ‘டர்ன்’, தண்ணீர்க் குழாய்க்கு ‘டர்ன்’ மட்டும். ‘இட்’ வந்தால் நடுவில் உட்காரும்: “ஸ்விட்ச் இட் ஆஃப்”. “ஸ்விட்ச் ஆஃப் இட்” என்று சொல்வதில்லை. ரத்துசெய்யும் ‘கால் ஆஃப்’, தள்ளிப்போடும் ‘புட் ஆஃப்’ இரண்டுக்கும் இதே விதி.

எல்லாரையும் கவிழ்ப்பது அலாரம். “த அலாரம் வென்ட் ஆஃப்” என்றால் அடித்தது, நின்றதல்ல. “த பவர் வென்ட் ஆஃப்” என்றால் கரண்ட் போய்விட்டது. ஒரே வினை, நேர் எதிர்ப் பொருள். பிரித்தறிய ஒரு வழி உண்டு. அந்தப் பொருள் சும்மா இருக்கும்போது என்ன செய்கிறது என்று பாருங்கள். கரண்ட், ஏர்கான் போல ஓடிக்கொண்டே இருப்பது ‘வென்ட் ஆஃப்’ என்றால் நின்றுவிட்டது. அலாரம், பட்டாசு, துப்பாக்கி போலக் காத்துக் கிடப்பது ‘வென்ட் ஆஃப்’ என்றால் கிளம்பிவிட்டது. அடித்த அலாரம் ஓய்ந்ததைச் சொல்ல “த அலாரம் ஸ்டாப்ட்” போதும்.

‘இறங்கு’ என்று தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் ரயில், பஸ், மோட்டார் சைக்கிள் என்றால் ‘கெட் ஆஃப்’: மஸ்ஜித் ஜாமெக்கில் எல்ஆர்டியிலிருந்து, கொம்தாரில் பஸ்ஸிலிருந்து. கார், டாக்சி என்றால் ‘கெட் அவுட் ஆஃப்’ என்று நம் காதில் விழும், ஆனால் கடைசியில் இருப்பது ஒற்றை எஃப் ‘ஆவ்’.

முகவரியில் ‘ஆஃப் ஜாலான் ஈப்போ’ என்றிருந்தால் வீடு ஜாலான் ஈப்போவில் இல்லை. அதிலிருந்து பிரியும் கிளைச் சாலையில் இருக்கிறது. சாப்பாடு கொண்டுவருபவர் ‘ஆஃப்’பைக் கவனிக்காமல் பெரிய சாலையிலேயே எண்ணைத் தேடினால் கிடைக்காது. உங்கள் முகவரி இப்படியென்றால் கிளைச் சாலையின் பெயரை முதலில் எழுதி, ‘ஆஃப்’ பகுதியை அடுத்து எழுதுங்கள்.

சாப்பாட்டிலும் ‘ஆஃப்’ உண்டு. “த மில்க் இஸ் ஆஃப்” என்றால் பால் கெட்டுவிட்டது. இங்கிலாந்து உணவகத்தில் “த ஃபிஷ் இஸ் ஆஃப்” என்று கேட்டால் யார் சொன்னார் என்று பாருங்கள். பரிமாறுபவர் சொன்னால் மீன் தீர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னால், வேறு ஏதாவது கேட்டு வாங்குங்கள்.