துணைநூற்பட்டியலை முதல் நாளிலேயே தொடங்குங்கள்: பிரவுசரில் ஸோட்டெரோ பழகும் முறை

காரைக்குடிப் பக்கம் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கும் பலர், ஆய்வேட்டை எழுதி முடித்த பிறகுதான் துணைநூற்பட்டியலில் கை வைக்கிறார்கள். அதற்குள் எந்த நூலை எங்கே பார்த்தோம், எத்தனையாவது பதிப்பு என்பதெல்லாம் மறந்து போயிருக்கும். நெறியாளர் ஒரு பதிப்பாண்டைக் கேட்டால் அழகப்பா பல்கலைக்கழக நூலகத்துக்கு மறுபடியும் ஓட வேண்டும். நூலைத் திறந்த கையோடு அதன் விவரத்தைப் பதிந்து வைத்தால் இந்த அலைச்சலே இல்லை.

அதற்கு நான் எல்லா மாணவர்களுக்கும் சொல்வது ஸோட்டெரோ. நூல் விவரங்களைச் சேர்த்துவைத்துத் துணைநூற்பட்டியல் ஆக்கித் தரும் மென்பொருள் இது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006-ல் வெளிவந்தது, இலவசம். கணினியில் நிறுவியும் பயன்படுத்தலாம், எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயும் பயன்படுத்தலாம். சொந்த லேப்டாப் இல்லாமல் கல்லூரி லேபையும் பிரவுசிங் சென்டரையும் நம்பியிருப்பவர்களை நினைத்து, பிரவுசர் வழியையே இங்கே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு தலைப்பு எடுத்துக்கொள்வோம்: நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஒன்பது நகரக் கோயில்கள். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி.

கணக்கு தொடங்குதல்

ஸோட்டெரோ தளத்துக்குப் போய் மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். வந்த மடலில் உள்ள இணைப்பைச் சொடுக்கினால் கணக்கு தயார். ‘வெப் லைப்ரரி’யைத் திறந்து இடப்பக்கம் ஒரு ‘கலெக்‌ஷன்’ உருவாக்குங்கள். அதற்குள் இயலுக்கு ஒன்றாகவும் பிரித்துக்கொள்ளலாம். ஒரே நூல் இரண்டு இயல்களில் இருந்தாலும் பதிவு ஒன்றுதான். இலவச இடம் 300 எம்பி. இது பிடிஎஃப் போன்ற கோப்புகளுக்கு மட்டும். நூல் விவரங்களை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

எண் உள்ள நூல்கள்

பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் இருந்தால் வேலை சுலபம். மந்திரக்கோல் படத்தைச் சொடுக்கி எண்ணைத் தட்டினால் விவரம் தானே வரும். தமிழ் நூல்களுக்குச் சில நேரம் தலைப்பு ஆங்கில எழுத்தில் வரும், சில நேரம் ஒன்றுமே வராது. வந்ததை அப்படியே நம்பாமல், கையில் உள்ள நூலின் தலைப்புப் பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற கட்டுரை அடையாள எண் கொடுத்தால் போதும்.

எண் இல்லாத நூல்கள்

நம் ஊர் ஆய்வுக்கு இதுதான் முக்கியம். கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், கோயில் வரலாற்றுச் சிறுநூல் போன்றவற்றில்தான் செய்தி கொட்டிக் கிடக்கிறது. அவற்றில் ஐஎஸ்பிஎன்னைத் தேடினால் பெரும்பாலும் இருக்காது. கையால்தான் பதிய வேண்டும்.

‘நியூ ஐட்டம்’ அழுத்தி ‘புக்’ என்று தேர்ந்தெடுங்கள். மலரின் தலைப்பை அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். தொகுத்தவரை ‘ஆத்தர்’ என்று விடாமல் ‘எடிட்டர்’ என்று மாற்றுங்கள். வெளியீடு என்ற இடத்தில் கோயில் அறக்கட்டளையின் பெயர், பிறகு ஊர். மலருக்குள் உள்ள ஒரு கட்டுரையைத்தான் மேற்கோள் காட்டுகிறீர்கள் என்றால் ‘புக் செக்‌ஷன்’ எடுத்து, கட்டுரை எழுதியவர் பெயரையும் பக்க எண்களையும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

அடுத்து ஆண்டு. பழைய நூல்களில் பல, தமிழ் ஆண்டின் பெயரை மட்டும் போட்டிருக்கும். பிரபவ என்று இருந்தால் அது 1867, 1927, 1987 மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அச்சகத்தின் பெயர், விலை, முன்னுரையில் குறிப்பிடும் நிகழ்ச்சிகள் இவற்றை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு செய்யுங்கள். மாதத்தையும் பாருங்கள்: 1927 சித்திரையில் பிறந்த பிரபவ ஆண்டின் தை மாதம் 1928 ஜனவரியில் வரும். ‘டேட்’ இடத்தில் ஆங்கில ஆண்டை எழுதிவிட்டு, ‘எக்ஸ்ட்ரா’ இடத்தில் நூலில் உள்ள தமிழ் ஆண்டை அப்படியே பதியுங்கள். வாய்மொழித் தேர்வில் யாராவது கேட்டால் பதில் கையில் இருக்கும்.

பெயர் எழுதுவதில்தான் தமிழ் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஸோட்டெரோ குடும்பப் பெயர், தனிப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். நமக்கோ தலைப்பெழுத்துதான். நகரத்தார் பெயர்களில் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாகவே நிற்கும். ராம. மெ. சொக்கலிங்கம் என்று ஒரு பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டத்துக்குப் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதில் ‘சொக்கலிங்கம், ராம. மெ.’ என்று பெயரை முன்னால் வைத்து எழுதுங்கள். எழுதியது எழுதியபடியே பட்டியலில் வரும், அகரவரிசையும் சரியாக அமையும். தலைப்பெழுத்தை முன்னால் எழுதினால் அவர் ‘ரா’ வரிசைக்குப் போய்விடுவார். இராமநாதன், ராமநாதன் என்று ஒரே ஆசிரியர் இரண்டு விதமாக அச்சாகியிருந்தால், ஒன்றை முடிவு செய்து கடைசி வரை அதையே பின்பற்றுங்கள்.

எங்கே தேடுவது

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. அங்கே ஓர் ஆய்வேடு தலைப்புப் பக்கம், சான்றிதழ், ஒவ்வோர் இயல் என்று தனித்தனி பிடிஎஃப்களாகக் கிடக்கும். இயலின் பிடிஎஃப் முகவரியைப் பதியாதீர்கள். 10603 என்ற எண்ணைத் தாங்கிய நிலையான முகவரி முதன்மைப் பக்கத்தில் இருக்கும், அதையே எடுங்கள். ஐட்டம் வகையை ‘தீசிஸ்’ என்று மாற்றிப் பல்கலைக்கழகப் பெயரையும் சேருங்கள். ஆங்கிலத்தில் தேடும்போது செட்டிநாடு என்பதைக் கடைசியில் ‘யு’ சேர்த்தும் சேர்க்காமலும், நாட்டுக்கோட்டை என்பதை ஒரு ‘கே’ போட்டும் இரண்டு ‘கே’ போட்டும் தேடிப் பாருங்கள்.

பழைய அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்கள் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அதன் நூற்பட்டியலை இணையத்தில் பார்த்து, நூல் இருப்பது உறுதியான பிறகு பஸ் ஏறலாம்.

நேர்காணல்களையும் விடாதீர்கள். கோயில் குருக்களிடமோ காரியக்காரரிடமோ பேசினால் ‘இன்டர்வியூ’ வகையில் தேதி, ஊர் போட்டுப் பதியுங்கள். பெயரை வெளியிடலாமா என்று அவரிடம் முன்பே கேட்டு, அவர் சொன்ன பதிலையும் அதே பதிவின் ‘நோட்’ பகுதியில் எழுதிவையுங்கள்.

பட்டியல் எடுத்தல்

கலெக்‌ஷனில் உள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ‘கிரியேட் பிப்லியோகிராஃபி’ அழுத்துங்கள். எம்எல்ஏ, ஏபிஏ என்ற மேற்கோள் நடைகள் இரண்டில் எது என்பதை நெறியாளரிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். பட்டியலை நகலெடுத்து வேர்டில் ஒட்டலாம். இடையில் ஆங்கிலச் சொல் ஏதாவது வந்தால் அங்கே கையால் திருத்திக்கொள்ளுங்கள். எழுத எழுத மேற்கோளை வேர்டுக்குள்ளோ கூகுள் டாக்ஸிலோ நுழைக்கும் வசதி, ஸோட்டெரோவைக் கணினியில் நிறுவியவர்களுக்கு மட்டும்.

ஸோட்டெரோபிப் என்று ஒரு தளமும் உண்டு. கணக்கே வேண்டாம், சட்டென்று பட்டியல் தரும். ஒரு வகுப்புக் கட்டுரைக்கு அது போதும். ஆனால் பட்டியல் அந்த பிரவுசரிலேயே தங்கும் என்பதால் லேபில் ஆய்வேட்டு வேலையை அதில் செய்ய வேண்டாம். ஸோட்டெரோவில் வேலை செய்தாலும் எழுந்து வரும்போது மறக்காமல் லாக் அவுட் செய்யுங்கள்.

ஆசிரியர்களுக்கு

வகுப்புக்கு ஒரு ‘குரூப்’ உருவாக்கினால் படிக்க வேண்டிய பட்டியலை எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கலாம். உருவாக்கும்போது ‘பிரைவேட் மெம்பர்ஷிப்’ தேர்ந்தெடுங்கள். திருத்தும் உரிமையை முதல் மாதம் உங்களிடமே வைத்திருந்து, மாணவர்கள் பெயரும் ஆண்டும் ஒழுங்காகப் பதியத் தொடங்கிய பிறகு அவர்களுக்கும் திறந்துவிடலாம். குரூப்பில் ஏற்றும் கோப்புகள் உருவாக்கியவரின் 300 எம்பியிலிருந்துதான் கழியும். அதனால் பிடிஎஃப்களை ஏற்றாமல் இணைப்பை மட்டும் கொடுங்கள்.