குழந்தை பிறப்பதாகக் கனவு கண்டால் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

குழந்தை பிறப்பதாகவோ, பிறந்த குழந்தையை ஏந்தி நிற்பதாகவோ கனவு கண்டு விழித்தவருக்கு, இது நடக்கப்போவதற்கு அறிகுறியா என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. கனவைக் கொண்டு கருத்தரிப்பை அறிய இயலாது. ஐயம் இருந்தால் பரிசோதனை செய்துகொள்வதே வழி. ஆயினும் அந்தக் கனவை வெறும் குழப்பமென்று தள்ளிவிட வேண்டியதில்லை. கனவில் வரும் குழந்தைக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே பொருளைத் தரும் பட்டியல்களை விலக்கிவிட்டு, அந்தக் குழந்தையைக் கண்டபோது உங்கள் மனம் என்ன உணர்ந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே, நினைவில் உள்ளதை எழுதிவிடுவது நல்லது. தெளிவான கனவுகள் பெரும்பாலும் கண்கள் இமைக்குள் விரைந்து அசையும் உறக்க நிலையில் தோன்றுகின்றன. உறக்க ஆய்வாளர்களான யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியேல் கிளைட்மனும் 1953-இல் ஆய்வாக வெளியிட்ட அந்த நிலை, ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை திரும்பி வந்து, விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. அந்நேரத்தில் விழிப்பவருக்குக் கனவு தெளிவாக நினைவிருந்தாலும், வேறு வேலையில் மனம் சென்றதும் அது கலைந்துவிடுகிறது.

எழுதும்போது நிகழ்ச்சியைவிட உணர்வுக்கே கூடுதல் இடம் கொடுங்கள். குழந்தையைக் கண்டு மகிழ்ந்தீர்களா, அஞ்சினீர்களா, அது யாருடையது என்று திகைத்தீர்களா? பிறகு, அதே உணர்வு அண்மையில் விழிப்பு வாழ்வில் எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கான கனவுக் குறிப்புகளைத் திரட்டிய அமெரிக்க உளவியலாளர் கால்வின் ஹால், பகலில் நம்மை ஆட்கொண்டிருக்கும் கவலைகளும் விருப்பங்களுமே கனவிலும் தொடர்கின்றன என்று கருதினார். குழந்தையை எங்கோ வைத்துவிட்டு மறந்துபோனதாக வரும் கனவை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை பெறும் எண்ணமே இல்லாத ஒருவருக்கு அது, ஏற்றுக்கொண்டு கவனிக்காமல் விட்ட ஒரு பொறுப்பைப் பற்றிய உறுத்தலாக இருக்கலாம். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் தவிப்பவருக்கு, தன்னால் வளர்க்க முடியுமா என்ற அச்சமாகவே இருக்கலாம். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங், கனவில் வரும் குழந்தையை இனி மலரக்கூடிய ஒன்றின் உருவமாகக் கண்டார். உங்கள் வாழ்வில் புதிய முயற்சி ஏதேனும் தொடங்கியிருந்தால் அந்தப் பொருளை எண்ணிப் பார்க்கலாம். பொருந்தவில்லையென்றால் வலிந்து பொருத்த வேண்டாம். ஒரே கனவை வைத்து முடிவு செய்யாமல், சில வாரக் குறிப்புகளைச் சேர்த்துப் படித்தால் மீண்டும் மீண்டும் வருவது எது என்பது தெரியும்.

கருவுற்றிருப்பவர்களுக்குக் கனவுகள் மிகத் தெளிவாகவும் சில வேளைகளில் அச்சமூட்டுவனவாகவும் வருவது இயல்பு. மனம் குழந்தையையே சுற்றிவருவதும், உறக்கம் அடிக்கடி கலைவதால் கனவுகள் கூடுதலாக நினைவில் தங்குவதும் இதற்குக் காரணங்கள். குழந்தைக்குத் தீங்கு நேர்வதாகக் கனவு வந்தால் அது உண்மையில் நடக்கும் என்று பொருளில்லை. பிறந்த குழந்தை தொட்டிலில் உறங்கிக்கொண்டிருக்க, படுக்கையில் அதைத் தொலைத்துவிட்டதாகக் கனவு கண்டு போர்வைக்குள் தேடியபடியே விழிக்கும் தாய்மார் பலர் உண்டு. அவர்கள் நல்ல தாய் அல்லர் என்பதற்கு அது அடையாளமே அல்ல. எனினும், பிள்ளைப்பேற்றுக்குப் பின் இரண்டு வாரங்களுக்கு மேலாகத் துயரமோ பதற்றமோ நீடித்தால், கனவை ஆராய்வதை விட்டு மருத்துவரிடம் பேசுவதுதான் அவசரம்.

கருச்சிதைவுக்கு ஆளானவர்களுக்கும், குழந்தைக்காக நெடுங்காலம் காத்திருப்பவர்களுக்கும் வரும் கனவில் மறைபொருள் தேடுவது கொடுமை என்றே நான் நினைக்கிறேன். அங்கே குழந்தை வேறெதற்கும் குறியீடு அல்ல, ஏங்கிய குழந்தையேதான். அத்தகைய கனவை ஒருவர் உங்களிடம் சொன்னால், நல்ல சகுனம் என்று நம்பிக்கை ஊட்டாமல், விளக்கம் எதுவும் சொல்லாமல், அவர் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருங்கள்.

அச்சமூட்டும் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தால், அதைப் பகலில் எழுதி, முடிவை உங்களுக்கு ஆறுதல் தரும் விதத்தில் மாற்றி, மாற்றிய வடிவத்தை நாள்தோறும் சில நிமிடங்கள் கண்ணை மூடி மனத்தில் ஓடவிடுங்கள். கெட்ட கனவுகளுக்கு உளவியல் சிகிச்சையாளர்கள் கையாளும் முறை இது. உறங்கவே அஞ்சும் நிலை வந்துவிட்டால் தனியே முயலாமல் அவர்களின் துணையுடன் செய்வது நல்லது.