டாக்கர் ஹப் படுத்தாலும் பாட் எழ: கே3எஸ் நோடுகளுக்குள் இமேஜ் பகிர்வு

கே3எஸ் குபெர்னெட்டீஸின் இலகுவான வடிவம்: நோடு எனப்படும் பல கணினிகளில் பாட்களை (கண்டெய்னரில் ஓடும் செயலிகளை) ஓட்டும். பாட் எழ வேண்டிய இமேஜ், டாக்கர் ஹப் போன்ற இமேஜ் களஞ்சியத்திலிருந்து, அதாவது ரெஜிஸ்ட்ரியிலிருந்து, இழுக்கப்படுகிறது. ரெஜிஸ்ட்ரி நின்றுபோனால் ஓடிக்கொண்டிருக்கும் பாட்களுக்கு ஒன்றும் ஆகாது. புது நோடு சேரும்போதும், பாட் வேறு நோடுக்கு இடம் மாறும்போதும்தான் வலிக்கும். ரெஜிஸ்ட்ரி நின்றால்தான் என்றில்லை. டாக்கர் ஹப்பில் லாகின் இல்லாமல் இழுத்தால், ஓர் ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 இழுப்புகள்தான். எல்லா நோடுகளும் ஒரே நாட் (NAT, பல கணினிகள் பகிரும் பொது) முகவரிக்குப் பின்னால் இருந்தால் அது சீக்கிரம் தீரும்.

வேண்டிய இமேஜ் பெரும்பாலும் பக்கத்து நோடின் டிஸ்க்கிலேயே கிடக்கிறது. அதை எடுத்துக் கொடுக்கும் கருவிதான் ஸ்பெகல் (Spegel). 2024 முதல் கே3எஸ்-க்குள்ளேயே வருகிறது. தனி சர்வர் வேண்டாம்.

ஒவ்வொரு சர்வர் நோடின் (கிளஸ்டரை, அதாவது நோடுகளின் கூட்டத்தை, நிர்வகிப்பது) கான்ஃபிக் கோப்பிலும் எம்பெடட்-ரெஜிஸ்ட்ரி (embedded-registry) என்பதை ட்ரூ ஆக்குங்கள். பிறகு, ஏஜென்ட் (பாட்களை மட்டும் ஓட்டும் நோடு) உட்பட எல்லா நோடுகளிலும் ரெஜிஸ்ட்ரீஸ் யாமல் (registries.yaml) கோப்பின் மிரர்ஸ் (mirrors) பகுதியில் பகிர வேண்டிய ரெஜிஸ்ட்ரிகளின் பெயரை எழுதுங்கள். எண்ட்பாயின்ட் (இழுக்க வேண்டிய முகவரி) தர வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து நட்சத்திரக் குறி போடலாம், ஆனால் மேற்கோள் குறிக்குள். இல்லையென்றால் யாமல் அதை வேறாகப் படித்துக் கோப்பையே நிராகரிக்கும். டிசிபி 5001, 6443 இரண்டும் எல்லா நோடுகளுக்கு இடையிலும் திறந்திருக்க வேண்டும். 6443 சர்வருக்கு மட்டும்தானே என்று ஏஜென்ட்டில் ஃபயர்வாலை மூடிவைப்பது வழக்கமான தவறு. கடைசியில் கே3எஸ்-ஐ ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு நோடில் மட்டும் டிஃபால்ட் ரெஜிஸ்ட்ரி எண்ட்பாயின்ட்டை முடக்கும் ஃபிளாகைக் (disable-default-registry-endpoint) கொடுத்து, அந்த நோடில் இல்லாத, வேறொன்றில் இருக்கும் இமேஜைக் கிரிக்டில் (crictl) கட்டளை கொண்டு இழுங்கள். இந்த ஃபிளாக் இல்லாமல் சோதித்தால், பகிர்வு தோற்றாலும் கண்டெய்னர்டி (containerd, நோடில் இமேஜை இழுத்து ஓட்டும் மென்பொருள்) சத்தமில்லாமல் மூல ரெஜிஸ்ட்ரிக்குப் போய்விடும், ஏமாந்துபோவீர்கள். சிடிஆர் (ctr) கட்டளை மிரர் அமைப்பைப் பார்ப்பதே இல்லை, அதை வைத்துச் சோதிக்காதீர்கள்.

புது வெளியீட்டை எல்லா நோடுகளிலும் ஒரே நேரத்தில் இறக்கினால் யாரிடமும் அது இருக்காது. எல்லாரும் வெளியே ஓடுவார்கள். முதலில் ஒரு நோடில் இழுத்துவிட்டுப் பிறகு ரோல்அவுட் செய்யுங்கள். லேட்டஸ்ட் (latest) டேக் (இமேஜ் பெயரின் பின்னால் வரும் பதிப்புப் பெயர்) இயல்பாகப் பகிரப்படாது. மற்ற டேக்குகளிலும் பக்கத்து நோடு பழைய பதிப்பையே தரலாம், ஆகவே டைஜெஸ்ட்டால் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹாஷ்) குறிப்பிடுவதே சரி.

வலை இல்லாத இடத்தில் டார் கோப்பாக இமேஜை ஏற்றினாலும், பெயரில் உள்ள ரெஜிஸ்ட்ரி மிரர் பட்டியலில் இருந்தால் பகிரப்படும். டாக்கர் சேவ் (docker save) கொண்டு எடுத்த கோப்பில் மேனிஃபெஸ்ட் (இமேஜின் பாகங்களைப் பட்டியலிடும் கோப்பு) மாறி டைஜெஸ்ட் பொருந்தாமல் போகலாம். ஸ்கோபியோ (skopeo, இமேஜ்களை நகலெடுக்கும் கருவி) கொண்டு ஓசிஐ (OCI, இமேஜ்களுக்கான பொதுத் தரம்) ஆர்க்கைவாக எடுங்கள்.

கியூப்லெட் (ஒவ்வொரு நோடிலும் பாட்களைக் கவனிக்கும் நிரல்), டிஸ்க் 85 சதவீதம் நிரம்பியதும் பயன்படாத இமேஜ்களை அழிக்கத் தொடங்கி, 80-க்கு வரும்வரை அழிக்கும். எப்போதாவது ஓடும் கிரான்ஜாப்பின் (நேரம் குறித்து ஓடும் வேலை) இமேஜ் இப்படி எல்லா நோடுகளிலும் காணாமல் போகும். அத்தகையதை ஒரு சிறு டீமன்செட்டில் (ஒவ்வொரு நோடிலும் ஒரு பாட் ஓட்டும் அமைப்பு) எப்போதும் ஓடவிட்டால் தப்பும்.

கே3எஸ் அல்லாத கிளஸ்டரில் ஸ்பெகலை ஹெல்ம் (குபெர்னெட்டீஸில் மென்பொருள் நிறுவும் கருவி) வழியே நிறுவலாம். அங்கே கண்டெய்னர்டி, விரித்த லேயர்களை (இமேஜின் அடுக்குகளை) தூக்கியெறியும் அமைப்பில் (discard_unpacked_layers) இருந்தால் பகிர எதுவும் மிஞ்சாது. முதலில் அதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

தனியார் ரெஜிஸ்ட்ரியைப் பட்டியலில் சேர்க்குமுன் ஒன்று: ஒரு நோடு கடவுச்சொல் கொடுத்து இழுத்ததை மற்ற நோடுகள் கடவுச்சொல் இல்லாமலே பெறும். நோடுகள் எல்லாம் ஒரே நம்பிக்கை வட்டத்தில் இல்லாத கிளஸ்டரில் அந்தப் பெயரைச் சேர்க்காதீர்கள், நட்சத்திரக் குறியும் வேண்டாம்.